தன் வாசலில் தொடங்கிய மாற்றம்
மகரிஷி கார்வேயின் வாழ்க்கை

1856-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள், இந்து விதவைகள் மறுமணம் செய்துகொள்வதைச் சட்டம் அங்கீகரித்தது. ஈசுவர சந்திர வித்யாசாகர் சாஸ்திரங்களை ஆழ்ந்து கற்று, அவற்றின் துணைகொண்டே வாதாடிப் பெற்ற வெற்றி அது. ஆயினும் சட்டம் வந்துவிட்ட பின்னரும் நாட்டில் வீடுகள் இருந்த நிலையிலேயே இருந்தன. எட்டு வயதிலும் பத்து வயதிலும் கணவனை இழந்த சிறுமியர் அடுக்களையின் இருண்ட மூலைகளில் தங்கள் வாழ்நாளைக் கழித்தனர். மகாராஷ்டிரத்தின் உயர்சாதிக் குடும்பங்களில் அவர்களது தலை மழிக்கப்பட்டது. செந்நிறச் சேலை ஒன்றே அவர்களுக்கு உடை. மங்கல நிகழ்ச்சிகளில் அவர்கள் முகம் காட்டலாகாது.

சட்டம் அனுமதித்ததை மனிதமனம் அனுமதிக்கவில்லை. சீர்திருத்தத்தை மனதார ஏற்றவர்களுக்கும் அதை வாழ்வில் ஏற்பது எளிதாக இல்லை. மகாதேவ கோவிந்த ரானடே பேரறிஞர். விதவை மறுமணத்துக்கு ஆதரவாகப் பணியாற்றியவர். 1873-இல் அவருடைய மனைவி காலமானபோது, அவர் ஒரு விதவையை மணப்பார் என்று நண்பர்கள் எதிர்பார்த்தனர். தந்தையின் வற்புறுத்தலை மீற இயலாமல் அவர் பதினொரு வயதுச் சிறுமியை மணந்தார். பின்னர் அந்தச் சிறுமிக்குக் கல்வியளித்து, ரமாபாய் ரானடே என்னும் சமூகத் தொண்டராக அவர் மலரத் துணைநின்றார் என்பது உண்மையே. ஆனாலும் அத்தகைய மேதைக்கே கடக்க முடியாத ஒரு வாசற்படி அன்று இருந்தது. அது அவரவர் வீட்டு வாசற்படி.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வாசற்படியைத் தாண்டியவர், மேடையில் பேசக் கூசும் சுபாவமுடைய ஒரு கணித ஆசிரியர். அவர் பெயர் தோண்டோ கேசவ் கார்வே.

கொங்கணத்துச் சிறுவன்

கார்வே 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் கொங்கணப் பகுதியில் ரத்னகிரி மாவட்டத்தைச் சேர்ந்த ஷேரவலி என்னும் சிற்றூரில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தை கேசவ்பந்த்; தாய் லட்சுமிபாய். தாபோலிக்கு அருகே கடற்கரையில் அமைந்த முருட் கிராமமே குடும்பத்தின் ஊர். வறுமை நிறைந்த குடும்பம். ஆனால் பிறரிடம் கையேந்தாத தன்மானம் அங்கு இருந்தது.

அவருடைய மனவுறுதியைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று இளமையிலேயே நடந்தது. 1875-இல் அரசுத் தேர்வு ஒன்றை எழுதுவதற்காக அவரும் சில நண்பர்களும் சாதாராவுக்குப் புறப்பட்டனர். மழைக்காலம், சுமார் 110 மைல் தூரம், மலைப்பாதை. நடந்தே சென்று சேர்ந்தனர். தேர்வுக்குழுவினரோ, மெலிந்த குள்ளமான அந்த இளைஞனைப் பார்த்து, பதினேழு வயது நிரம்பியவனாகத் தோன்றவில்லை என்று கூறி அனுமதி மறுத்துவிட்டனர். வந்த வழியே திரும்ப வேண்டியதாயிற்று. மறு ஆண்டு வேறோர் ஊரில் அதே தேர்வை எழுதித் தேறினார். எதிர்ப்பைக் கண்டு சினம் கொள்ளாமலும் எடுத்த காரியத்தைக் கைவிடாமலும் இருக்கும் இந்தப் பண்பு இறுதிவரை அவரிடம் இருந்தது.

அக்கால வழக்கப்படி இளம்பருவத்திலேயே ராதாபாய் என்னும் சிறுமியுடன் அவருக்குத் திருமணம் நடந்தது. பம்பாய்க்குச் சென்று, மாணவர்களுக்குத் தனிப்பாடம் கற்பித்து அந்த வருவாயில் படித்து, 1884-இல் கணிதத்தில் பட்டம் பெற்றார். பெரும் ஊதியம் தரும் அரசுப் பணிகளை அவர் நாடவில்லை, ஆசிரியராகவே இருந்தார். குறைந்த வருமானத்திலும் ஒரு பங்கைத் தருமத்துக்கென ஒதுக்கிவைத்தார். முருட் கிராமத்தின் நலனுக்காக நிதி ஒன்றை உருவாக்குவதிலும் முன்னின்றார். 1891-இல் கோபால கிருஷ்ண கோகலேயின் அழைப்பை ஏற்றுப் புனேயின் பெர்குசன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகச் சேர்ந்தார்.

ஒரு கேள்வி

அதே 1891-ஆம் ஆண்டில் ராதாபாய் காலமானார். ரகுநாத் என்ற மகனுடன் தனித்து நின்ற கார்வேக்கு அப்போது வயது முப்பத்து மூன்று. பெண் கொடுக்கப் பலர் முன்வந்தனர். வழக்கப்படி நடந்திருந்தால், அவர் வயதில் மூன்றில் ஒரு பங்கு வயதுடைய ஒரு சிறுமி சில மாதங்களில் அவர் வீட்டுக்கு மருமகளாக வந்திருப்பாள். ஊரில் எவரும் அதைக் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

கார்வேயின் உள்ளத்தில் எழுந்த கேள்வி எளிமையானது. மனைவியை இழந்த ஆணுக்கு மறுநாளே திறக்கும் வழி, கணவனை இழந்த பெண்ணுக்கு மட்டும் ஏன் வாழ்நாள் முழுவதும் அடைபட்டிருக்க வேண்டும்? இந்தக் கேள்வி அவருக்கு முன்பே பலரால் கேட்கப்பட்டதுதான். நூல்களில் எழுதப்பட்டது, கூட்டங்களில் பேசப்பட்டது. கார்வே அதைச் சமுதாயத்திடம் கேட்பதற்கு முன் தன்னிடம் கேட்டார். மறுமணம் செய்வதாயின் ஒரு விதவையையே மணப்பது, இல்லையேல் மணமே வேண்டாம் என்று முடிவு செய்தார்.

விதவையின் வாழ்க்கை எத்தகையது என்பது அவருக்குக் கேள்வியறிவு அன்று. பம்பாயில் அவரும் நரஹரிபந்த் ஜோஷி என்னும் நண்பரும் ஒரே இல்லத்தைப் பகிர்ந்து வாழ்ந்த காலத்தில், நண்பரின் தங்கை கோதுபாய் அங்கு வந்து தங்கியிருந்தார். சிறுவயதில் மணமாகி, சில மாதங்களிலேயே கணவனை இழந்து, புகுந்த வீட்டில் ஓயாத உழைப்பிலேயே இளமையைக் கழித்தவர் அவர். 1889-இல் பண்டிதை ரமாபாய் பம்பாயில் சாரதா சதனத்தைத் தொடங்கியபோது, அங்கு சேர்ந்த முதல் விதவை மாணவி கோதுபாய்தான். எழுத்தறியாமல் சென்ற அவர் அங்கு தன் காலில் நிற்கக் கற்றார்.

கோதுபாயும் அவருடைய தந்தையும் இசைந்தனர். 1893-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் புனேயில் அந்தத் திருமணம் நடந்தது. கோதுபாய், ஆனந்திபாய் கார்வே ஆனார்.

ஊரின் தீர்ப்பு

செய்தி முருட் கிராமத்தை எட்டியது. ஊரார் கூடினர். கார்வே சாதியிலிருந்து விலக்கப்பட்டார். அவர் இருக்கும் சபையில் யாரும் அமரக் கூடாது. அவரைத் தங்கள் இல்லத்தில் தங்கவைப்பவர்களும் விலக்கப்படுவர் என்பது தீர்ப்பு. எந்த ஊரின் நலனுக்காகத் தன் சிறிய வருமானத்திலிருந்து பணம் சேர்த்தாரோ, அந்த ஊரிலேயே பெற்ற தாயின் வீட்டில் ஒரு வேளை உணவருந்தும் உரிமையை அவர் இழந்தார்.

இந்த இடத்தில்தான் மனமாற்றம் என்பதன் விலை தெரிகிறது. கார்வேக்குப் புனேயில் வேலை இருந்தது. ஆதரிக்கும் நண்பர்கள் இருந்தனர். கிராமத்திலேயே வாழ்ந்த தாயும் உடன்பிறந்தவர்களும் அன்றாடம் ஊராரின் முகத்தில் விழிக்க வேண்டியிருந்தது. தன்னால் அவர்களுக்கு நேர்ந்த துயரம் கார்வேயை வாட்டியது. ஆயினும் அவர் ஊராரைப் பழித்துப் பேசவில்லை. தன் செயலுக்காக வருந்தவும் இல்லை. இத்தனை காலம் பழகிய வழக்கத்தை மக்கள் ஒரே நாளில் விட்டுவிட மாட்டார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். அவர்களுடைய மனம் மாறும்வரை காத்திருக்கவும், அதுவரை தம் பணியைச் செய்துகொண்டே இருக்கவும் முடிவு செய்தார்.

அவ்வாண்டின் இறுதியிலேயே விதவை மறுமணத்தை ஊக்குவிக்கும் சங்கம் ஒன்றை நிறுவினார். மறுமணம் செய்துகொண்ட குடும்பங்கள் தனித்துப்போகாமல் ஒன்றுகூட அது வழிசெய்தது.

இரண்டாவது மாற்றம்

சங்கப் பணியில் ஈடுபட்ட சில ஆண்டுகளில் கார்வேக்கு ஓர் உண்மை புலப்பட்டது. மறுமணத்துக்குத் துணிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆயிரமாயிரம் விதவைகளோ அதே அடுக்களை மூலையில்தான் இருந்தனர். அவர்களில் பலர் மறுமணத்தை விரும்பவும் இல்லை. அவர்களுக்கு உடனடியாகத் தேவைப்பட்டது கல்வி. பிறர் கையை எதிர்பாராமல் வாழும் வலிமை. தம் வாழ்க்கையைத் தாமே தீர்மானிக்கும் தெளிவு. சாரதா சதனத்தில் கற்றிராவிட்டால் ஆனந்திபாய் தம் வாழ்வைப் பற்றி முடிவெடுக்கும் துணிவைப் பெற்றிருப்பாரா?

தாம் முன்னெடுத்த வழியே முழுமையான வழி என்று கார்வே பிடிவாதம் கொள்ளவில்லை. 1896-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அநாத பாலிகாசிரமச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தம் சேமிப்பான ஆயிரம் ரூபாயை அதற்கு முதல் முதலாக வைத்தார். சமஸ்கிருதப் பேரறிஞர் ராமகிருஷ்ண கோபால பண்டார்கர் அதன் தலைவராக இருந்து துணைபுரிந்தார். வைதிகக் குடும்பங்களும் அச்சமின்றித் தம் பெண்களை அனுப்ப வேண்டும் என்பதற்காக, இந்த இல்லம் மறுமணப் பிரசாரத்தில் ஈடுபடாது என்ற கொள்கை வகுக்கப்பட்டது. விதவையை மணந்து ஊர்விலக்கை ஏற்ற ஒருவர் இத்தகைய கொள்கைக்கு உடன்பட்டது, அவர் தம் கருத்தின் வெற்றியைவிட அந்தப் பெண்களின் நலனையே பெரிதாக எண்ணினார் என்பதைக் காட்டுகிறது.

புனேயில் பிளேக் நோய் பரவிய காலம் அது. 1900-இல் இல்லம் நகருக்கு வெளியே ஹிங்கணே என்னும் கிராமத்துக்கு மாற்றப்பட்டது. கணேஷ் கோவிந்த கோகலே என்ற அன்பர் ஆறு ஏக்கர் நிலமும், குடிசை அமைக்க 750 ரூபாயும் வழங்கினார். மின்விளக்கு இல்லை; நல்ல பாதை இல்லை. கல்லூரியில் பாடம் முடிந்ததும் கார்வே, இல்லத்துக்குத் தேவையான பொருள்களைச் சுமந்துகொண்டு சேற்றிலும் முள்ளிலும் சுமார் நான்கு மைல் நடந்து ஹிங்கணே சேருவார். அங்குள்ள பெண்களுக்குப் பாடம் சொல்லித்தருவார். மறுநாள் காலையில் மீண்டும் கல்லூரிக்கு நடப்பார். விடுமுறை நாள்களில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டுவார். கொடுத்தவர்களையும் கொடுக்காமல் கடிந்து அனுப்பியவர்களையும் ஒரே பணிவுடன் வணங்கித் திரும்புவார்.

சுமையைப் பகிர்ந்தவர்கள்

இந்தத் தியாகத்தில் பிறரின் பங்கைக் கூறாமல் விட்டால் வரலாறு நிறைவு பெறாது. தமக்கென எடுத்திருந்த ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தையும் கார்வே இல்லத்துக்கே அளித்துவிட்டார். ஊதியத்தின் பெரும்பகுதியும் அங்கேயே சென்றது. வீட்டில் குழந்தைகள் வளர்ந்துகொண்டிருந்தனர்; அவர்களுடைய உணவுக்கும் படிப்புக்கும் வழிகாண வேண்டிய பொறுப்பு ஆனந்திபாயின் தோளில் விழுந்தது. அவர் பேறுகாலப் பணியைக் கற்றார். சிக்கனமாகக் குடும்பம் நடத்தினார். இல்லத்துக்காக நிதியும் திரட்டினார். தம் வாழ்க்கை வரலாற்றை மராத்தியில் எழுதியபோது, கணவரின் தொண்டால் குடும்பம் பட்ட இன்னல்களை அவர் மறைக்கவில்லை. உயர்ந்த நோக்கத்துக்காக ஒருவர் எடுக்கும் முடிவு அவருடன் வாழ்பவர்களின் தட்டிலிருந்தும் ஒரு கவளத்தை எடுத்துக்கொள்கிறது. அதை அறிந்தும் அவர் உடன்நின்றார் என்பதே ஆனந்திபாயின் பெருமை.

ஆனந்திபாயின் தங்கை பார்வதிபாய் அதவலேயும் இளம் விதவை. ஒரு மகனுக்குத் தாய். கார்வேயின் இல்லத்தில் கல்வி கற்று, பின்னர் அதன் பொறுப்பாளராக உயர்ந்தார். அவர் மறுமணத்தை நாடவில்லை. விதவைக் கோலத்துடனேயே பல ஊர்களுக்கும் சென்று நிதி திரட்டினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, தலைமழிக்கும் வழக்கம் பொருளற்றது என்று தாமே உணர்ந்து அதைக் கைவிட்டார். 1918-இல் கடல் கடந்து அமெரிக்காவும் சென்று வந்தார். அக்காள் மறுமணம் செய்துகொண்டார். தங்கை தனித்து நின்று தொண்டாற்றினார். இருவருக்கும் தங்கள் வழியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. கார்வே விரும்பிய மாற்றம் இதுவே.

நிஷ்காம கர்மம்

1907-இல் விதவையர் அல்லாத பெண்களுக்காகவும் மகிளா வித்யாலயம் என்ற பள்ளியைத் தொடங்கினார். நிறுவனங்கள் பெருகியபோது அவற்றுக்குத் தன்னலமற்ற ஊழியர்கள் தேவைப்பட்டனர். பணத்தைக் கொண்டு கட்டடங்களை எழுப்பலாம். ஊழியர்களின் உள்ளத்தை எழுப்பப் பணம் போதாது. எனவே 1908-இல் நிஷ்காம கர்ம மடம் என்ற அமைப்பை உருவாக்கினார். பலனை எதிர்பாராமல் கடமையைச் செய்தல் என்னும் கீதையின் நெறியை, சமூகத் தொண்டர்களின் அன்றாட விரதமாக்கும் முயற்சி அது. சொந்தச் சொத்து சேர்ப்பதில்லை, பணியிலிருந்து தனிப்பட்ட ஆதாயம் தேடுவதில்லை என்ற உறுதியை அதன் உறுப்பினர்கள் ஏற்றனர். ஆண்களும் பெண்களும் அதில் சேர்ந்தனர். கார்வே தம்மைப் பெரிய ஆன்மிகவாதியாகக் காட்டிக்கொண்டதில்லை. ஆனால் பற்றின்றிப் பணிசெய்வது எப்படி என்பதை அவர் நாள்தோறும் ஹிங்கணே பாதையில் நடந்து காட்டினார்.

1914-இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். மறு ஆண்டு பம்பாயில் நடந்த தேசிய சமூக மாநாட்டுக்குத் தலைமை ஏற்றபோது, டோக்கியோவின் மகளிர் பல்கலைக்கழகத்தைப் பற்றிய சிறுநூல் ஒன்று அவர் கையில் இருந்தது. அதன் விளைவாக 1916-இல், ஐம்பத்தெட்டாம் வயதில், இந்தியாவின் முதல் மகளிர் பல்கலைக்கழகத்தை நிறுவினார். பெண்கள் தாய்மொழி வாயிலாகவே உயர்கல்வி பெறுவது அதன் அடிப்படைக் கொள்கை. ஆங்கிலமும் பாடமாக இருந்தது. அரசின் அங்கீகாரம் இல்லாத பட்டத்தால் என்ன பயன் என்று பலர் ஐயுற்றனர். 1920-இல் விட்டல்தாஸ் தாக்கர்சி தம் அன்னை நாதிபாயின் நினைவாகப் பதினைந்து லட்சம் ரூபாய் வழங்கினார். 1921-இல் ஐந்து பெண்கள் அதன் முதல் அணியாகப் பட்டம் பெற்றனர். இன்று மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகம் என்ற பெயரில் அது செயல்பட்டு வருகிறது.

விரிந்துகொண்டே சென்ற வட்டம்

எழுபது வயதைக் கடந்த பின் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளுக்கும், அதன்பின் ஆப்பிரிக்காவுக்கும் சென்று, இந்தியப் பெண்கல்வியைப் பற்றி உரையாற்றி நிதி திரட்டினார். ஜெர்மனியில் ஐன்ஸ்டைனையும் சந்தித்தார். மேடைக் கூச்சம் கொண்டிருந்த ஆசிரியரை, ஏற்றுக்கொண்ட பணி உலகமெங்கும் பேசவைத்தது.

இத்தனைக்குப் பிறகும் அவர் தம் மனத்தைச் சோதித்துப் பார்ப்பதை நிறுத்தவில்லை. ஹிங்கணே இல்லத்தால் பயன்பெற்றவர்கள் பெரும்பாலும் உயர்சாதிக் குடும்பங்களின் பெண்கள். அவர்களுக்கு அப்பால், பள்ளிக்கூடமே இல்லாத கிராமங்களும், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்களும் இருந்தனர். 1936-இல், எழுபத்தெட்டாம் வயதில், கிராமங்களில் தொடக்கக் கல்வியைப் பரப்ப ஒரு சங்கத்தை நிறுவினார். தமக்குக் கிடைத்த சிறிய ஓய்வூதியத்திலிருந்தும் அதற்கு வழங்கினார். 1944-இல் சாதி வேற்றுமையை நீக்கி மனிதரிடையே சமத்துவத்தை வளர்க்கச் சமதா சங்கத்தைத் தொடங்கினார்.

முப்பத்து மூன்று வயதில் ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதியைத் தம் வீட்டில் சரிசெய்ய முனைந்தவர், பின்னர் விதவையர் அனைவரையும், அதன்பின் பெண்கள் அனைவரையும், இறுதியில் மனிதர் அனைவரையும் தம்மவராகக் காணும் நிலைக்கு வளர்ந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் விரிந்தது அவருடைய உள்ளம். நிறுவனம் அதைப் பின்தொடர்ந்தது.

1955-இல் பத்ம விபூஷண் விருதும், நூறு வயது நிறைவடைந்த 1958-இல் பாரத ரத்னா விருதும் அவரைத் தேடி வந்தன. அவர் வாழும்போதே அவர் உருவம் தாங்கிய அஞ்சல்தலையும் 1958-இல் வெளியிடப்பட்டது. மக்கள் அவரை மகரிஷி என்று அழைத்தனர். ஒரு காலத்தில் சேறும் முள்ளுமாக இருந்த ஹிங்கணே பகுதி இன்று புனே நகரின் ஒரு பகுதி. கார்வே நகர் என்பது அதன் பெயர். 1962-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள், 104-ஆம் வயதில், கார்வே தம் நெடும்பயணத்தை நிறைவு செய்தார்.

நமக்கான பாடம்

சமுதாயம் திருந்தட்டும், பிறகு நானும் திருந்துகிறேன் என்று சொல்வது மிக எளிது. அப்படிச் சொல்லும்போது, சமுதாயம் என்பது வேறெங்கோ இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். நம் வீட்டின் சமையலறையிலும், நம் பிள்ளைகளின் திருமணப் பேச்சிலும், வேலைக்கு வருபவருக்கு நாம் தரும் குவளையிலும் இருப்பதும் அதே சமுதாயம்தான். கார்வேக்குச் செல்வம் இல்லை, பதவி இல்லை, பேச்சாற்றலும் இல்லை. தான் சரியென்று உணர்ந்ததற்கும் தான் வாழும் வாழ்க்கைக்கும் இடையே இருந்த தூரத்தை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, அவ்வளவே. அந்தத் தூரத்தை அவர் முதலில் தம்மளவில் கடந்தார். அதன் பயனாக, ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கள் வாசற்படியைத் தாண்டிக் கல்விக்கூடம் நோக்கி நடந்தனர்.

நாம் சரியென்று ஒப்புக்கொண்டும் இன்னும் செய்யாமல் இருப்பது எது என்று ஒவ்வொருவரும் தம் இல்லத்தில் அமர்ந்து தம்மையே கேட்டுக்கொள்ளலாம். விடை கிடைத்தபின் அதைப் பிறருக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அதன்படி நடந்தால் போதும்.